பதினான்காம் எண் விளக்கின் உரிமையாளர்

1

இந்தக் கதை ஒரு நன்றிக் குறுஞ்செய்தியில் தொடங்கியது. அனுப்பியது வருமான வரித் துறை. பெற்றவர் என் மனைவி ஜெரால்டின். செய்தி வந்தபோது அவள் இறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது.

(இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்து உங்களைத் திடுக்கிட வைக்கும் திறமை எனக்கு இல்லை. விருப்பமும் இல்லை.)

நான் எழுத வேண்டியிருந்தது கதையே அல்ல. பூனாவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை. மலரைத் தொகுப்பவர் பத்மநாபன். வாகட்டில் வீடு, கணினி வேலை. நவம்பர் முதல் வாரத்தில் போன் செய்தார்.

"டக்ளஸ், நீங்கதான் வரி ஆபீஸ்ல இருக்கீங்களே. வரி கட்டுறோம், நமக்கு என்ன வருதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

"வரி ஆபீஸ் இல்ல சார். வரிக்கணக்கு எழுதிக் குடுக்குற ஆபீஸ்."

"ரெண்டும் பணத்தப் புடுங்குறதுதானே. வாக்கியம் மட்டும் சின்னச் சின்னதா இருக்கட்டும். நம்ம பசங்க எழுத்துக் கூட்டிதான் தமிழ் படிக்குதுங்க. மூணாவது வார்த்தைல மூச்சு வாங்கும்."

சின்ன வாக்கியம் எனக்குச் சிரமம் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து எனக்கு வேறு மாதிரி வருவதில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"அரசு என்பது ஒரு பெரிய குடும்பம். வரி என்பது அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும்—"

நிறுத்திவிட்டேன். அரசு குடும்பம் அல்ல. குடும்பத்தில் கொடுப்பவரையும் வாங்குபவரையும் முகம் பார்த்தால் தெரியும். வரியின் சிறப்பே யாருக்கும் யாரையும் தெரியாது என்பதுதான்.

இரண்டாவது தொடக்கம்:

"அன்று காலை தாபோடியில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஜெரால்டின் குடையை எடுத்துக்கொண்டு—"

இதையும் நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. நல்ல வெயில். சாவு வரும் பத்தியில் மழையும் வரவேண்டும் என்று கை தானாக எழுதுகிறது. என் கையை நான் நம்பக் கூடாது. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.

மூன்றாவது தொடக்கத்தில் கட்டுரை கொஞ்சம் நகர்ந்தது. அதை அப்படியே தருகிறேன்.

"நம் பணம் மூன்று பானைகளுக்குப் போகிறது. ஒன்று மத்திய அரசுடையது. இன்னொன்று மாநிலத்துடையது. மூன்றாவது மாநகராட்சியுடையது. சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி முதல் பானைக்குப் போகும். ஆனால் அங்கேயே தங்காது. அதில் ஒரு பெரும்பங்கு மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படும். சோப்பு வாங்கினால் கட்டும் வரி மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பாதிப்பாதி. வீட்டு வரி மாநகராட்சிக்கு. வருமான வரி கட்டுபவர்கள் குறைவு. ஆனால் வரி கட்டாதவர் என்று இந்த ஊரில் யாரும் இல்லை. ஏரவாடாவில் தினக்கூலிக்குப் போகும் பெண்ணும் போனுக்கு ரீசார்ஜ் செய்யும்போது கட்டுகிறாள்.

மகாராஷ்டிரத்தில் சம்பளக்காரர்களுக்கு இன்னொரு வரி உண்டு. தொழில் வரி. மாதம் இருநூறு ரூபாய். பிப்ரவரியில் மட்டும் முந்நூறு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம், கிராமத்தில் வேலை கேட்டு வருபவருக்கு வேலை கொடுக்கப் பணம் வேண்டும் என்பது. நகரத்தில் ஒருவர் மேசை முன் உட்கார்ந்திருந்ததற்காக, வறண்ட ஊரில் ஒருவர் குளம் வெட்டிக் கூலி வாங்கினார். இருவரும் சந்தித்ததில்லை."

பத்மநாபன் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இதுல ஆளு யாரும் இல்லையே" என்றார்.

ஆள் இருந்தாள். அவளைத்தான் எடுத்துவிட்டு எழுதியிருந்தேன்.

3

ஜெரால்டின் ஏரவாடாவில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஆசிரியை. கடைசி வயது இருபத்தொன்பது. எங்களுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டு. தாபோடியில் மூன்றாம் மாடி வீடு, லிப்ட் இல்லை.

அவளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. சம்பளம் வந்த அன்று மாலை நாங்கள் நடக்கப் போவோம். வழியில் ஏதாவது ஒன்றைக் காட்டி, "அது என்னோடது" என்பாள். அந்த மாதம் பிடித்த வரிக்கு அது அவளுக்கு வந்த பொருள். ஒரு மாதம் பஸ் நிறுத்தத்தின் பெஞ்சு. ஒரு மாதம் ரயில்வே மேம்பாலத்தின் நான்கு படி. ஒரு முறை வேகத்தடை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் மெதுவாக ஏறி இறங்கிய எல்லாருக்கும் கைகாட்டிக்கொண்டு நின்றாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே கம்பத்தில் 14 என்று எழுதிய தெருவிளக்கு. அதை அவள் எடுத்துக்கொண்ட நாள் நினைவிருக்கிறது.

"ஏய் டக்கி, பாத்துக்கோ. பதினாலு என்னோடது. பக்கா."

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாது ஜெரி. உன் வருமான வரி டெல்லிக்குப் போகுது. இந்த வெளக்கு மாநகராட்சியோடது. அதுவும் உனக்குச் சம்பளம் குடுக்குற மாநகராட்சி ஆத்துக்கு அந்தப் பக்கம். வெளக்கு வச்சது இந்தப் பக்கத்து மாநகராட்சி."

"அரே, டெல்லிக்குப் போற வழியில இருட்டா இருக்கும்ல? வெளக்கு வேணாமா?"

"வரிங்கறதே அதுக்குப் பதிலா இன்னது வேணும்னு கேக்க முடியாத பணம். சட்டத்துல அப்படித்தான்."

"அப்ப நீ கேக்காத. உனக்கு ஒண்ணும் கெடையாது போ. எனக்கு வெளக்கு."

வகுப்பிலும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். 'நீங்க வாங்குற பிஸ்கட் பாக்கெட்லதான் டீச்சர் சம்பளம் இருக்கு. அதனால பயப்படாம கேள்வி கேளுங்க.' பிள்ளைகள் கேட்டார்கள். ஒருவன், 'நான் தெனம் ரெண்டு பாக்கெட் வாங்குறேன், எனக்கு மட்டும் ஹோம்வொர்க் கொறைங்க' என்று கேட்டானாம்.*

* இதைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று பத்மநாபனிடம் கேட்டேன். "இதத்தான் சேக்கணும்" என்றார்.

4

இப்போது ஆம்புலன்ஸ்.

ஜூன் மாதம். காலை ஏழு மணி. பள்ளிக்குக் கிளம்பியவள் தலையைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். நான் 108 அழைத்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் வண்டி வந்தது. ஓட்டுநர் பெயர் மாதவ். கூடவே ஒரு பெண் மருத்துவர். லிப்ட் இல்லாத வீட்டிலிருந்து ஸ்ட்ரெச்சரை மாதவும் நானும் இறக்கினோம். வளைவுகளில் அவர் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி நடந்தார். எடை முழுவதும் அவர் பக்கம் இருந்தது.

பழைய பம்பாய் சாலையில் ஆபீஸ் நேரம். எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் வழிவிட மாட்டார்கள். அன்று விட்டார்கள். ஒரு டெம்போக்காரர் வண்டியை நடைபாதைமேல் ஏற்றினார். பின்கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மாநகராட்சி மருத்துவமனை வாசலில் ஐந்நூறு ரூபாய்த் தாளை மாதவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"டேவா தாதா. தும்சீச் காடி ஆஹே."

வைத்துக்கொள்ளுங்கள். வண்டி உங்களுடையதுதானே.

(இந்த இடத்தில் கதைக்குச் சிக்கல். பத்மநாபன் போனில், "ட்ரைவர் காசு வேணாம்னு சொன்னாரா? யாரு நம்புவா டக்ளஸ்? ஒரு நூறாவது வாங்கிக்கட்டும்" என்றார். மாற்றி எழுதிப் பார்த்தேன்: "மாதவ் தயங்கினார். பிறகு நோட்டை மடித்துச் சட்டைப் பையில்—" முடியவில்லை. அவர் வாங்கவில்லை. கதைக்குப் பொருந்தவில்லை என்றால் கதையை மாற்றிக்கொள்ள வேண்டும். அவரை மாற்ற முடியாது.)

உள்ளே ஸ்ட்ரெச்சரில் அவள் கண் பாதி திறந்திருந்தது. நான் குனிந்து, "ஜெரி, வண்டி உன்னோடதாம்" என்றேன். அவளுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர் பிறகு சொன்னார்.

தலைக்குள் இரத்தக் கசிவு. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். வென்டிலேட்டர், மருந்து, நாளுக்கு மூன்று முறை வந்த மருத்துவர், இரவும் பகலும் மாறிய செவிலியர்கள். நான் கட்டியது கேஸ் பேப்பர் எனும் பதிவுச் சீட்டின் காசும் வெளியில் வாங்கிய இரண்டு மருந்தும். ஐந்தாம் நாள் காலை போய்விட்டாள்.

அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்த நான்கு நாளும் முன்பின் தெரியாத பல்லாயிரம் பேர் காசு போட்டு அவளைப் பிடித்து வைத்திருந்தார்கள். சோப்பு வாங்கியவர்கள். பெட்ரோல் போட்டவர்கள். வீட்டு வரியை முணுமுணுத்துக்கொண்டே கட்டியவர்கள். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்களும். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

இந்தக் கட்டுரையை நான் ஒப்புக்கொண்டதே இந்தப் பத்தியை எழுதத்தான்.

5

இனி என் தவறு.

எங்கள் அலுவலகத்தில் ஜூலை மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. ஒரு நாளைக்கு நாற்பது கணக்கு. பெயர், எண், சம்பளம், கழிவு, சமர்ப்பி. அடுத்தவர். மூளை வேண்டாம், கை போதும். ஒவ்வோர் ஆண்டும் கெடுவுக்கு முந்தைய நாள் எல்லார் கணக்கும் முடிந்த பிறகு என் கணக்கைப் போடுவேன். உடனே ஜெரால்டின் கணக்கைப் போடுவேன். அவள் கடவுச்சொல் என் விரலுக்குத் தெரியும். அதில் பதினான்கு உண்டு.

இந்த ஜூலையிலும் போட்டேன். சரிபார்க்கும் எண் அவள் போனுக்கு வந்தது. போனை அன்று காலையே பையில் எடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுத்து எண்ணைப் பார்த்துத் தட்டினேன். பிறகு சத்தத்தை மட்டும் அணைத்து, சார்ஜரோடு வீட்டு அலமாரியில் வைத்தேன். அதன் மாதாந்திர ரீசார்ஜை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தப் படிவத்தின் கடைசியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. ஜெரால்டின் ஆகிய நான், என் அறிவுக்கு எட்டியவரை இது சரியானது என்று உறுதி சொல்கிறேன். எந்த நிலையில் கையொப்பம் இடுகிறீர்கள்? சுயமாக.

அவள் இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. சுயமாக என்று போட்டிருக்கிறேன்.

இறந்தவருக்கும் கணக்குப் போட வேண்டும். அதில் தவறில்லை. ஆனால் வாரிசு தன் பெயரைப் பதிந்து, இறப்புச் சான்றிதழை ஏற்றி, அவர் சார்பில் என்று போட வேண்டும். இதை மற்றவர்களுக்கு நான்தான் செய்து கொடுக்கிறேன். கைம்பெண்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுவார்கள். நான் தண்ணீர் கொடுத்து, சான்றிதழின் நகலைக் கேட்பேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அவள் கல்லறையில் வைக்க ஒரு படம் வேண்டும் என்று அவள் போனைத் திறந்தேன். படிக்காத செய்திகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று ஆகஸ்ட் மாதத்தது. அன்புள்ள வரி செலுத்துபவரே, உங்கள் கணக்கு ஏற்கப்பட்டது, நன்றி.

அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எனக்கு இருந்த நினைப்பு இதுதான்: அரசுக்கு இன்னும் தெரியாது.

தவறைத் திருத்த டிசம்பர் 31 வரை கெடு. திருத்தாவிட்டால் அநேகமாக யாரும் கேட்க மாட்டார்கள். பாக்கி வரி இல்லை. திரும்ப வரவேண்டிய பணமும் இல்லை. திருத்தினால் ஒன்று நடக்கும். இனி சரிபார்க்கும் எண் என் போனுக்கு வரும். அவள் போனுக்கு வராது.

6

இப்போது என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது.

மூன்றாம் பகுதியைத் திரும்பப் படித்தேன். ஜெரால்டின் அதில் மிகவும் நல்லவளாக இருக்கிறாள். வேகத்தடையில் நின்று கைகாட்டுகிறாள். பிள்ளைகளுக்குக் குடிமைப் பாடம் நடத்துகிறாள். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது வரும் நோய் இது.

ஆகவே வாடகை ரசீதைப் பற்றியும் எழுதுகிறேன்.

திருமணமான இரண்டாம் ஆண்டு அவள் பன்னிரண்டு வாடகை ரசீது கொண்டுவந்தாள். கட்கியில் இருக்கும் அவள் அப்பா லூர்துசாமியின் வீட்டில் அவள் குடியிருப்பதாகவும், மாதாமாதம் வாடகை கொடுப்பதாகவும். ஸ்டாம்ப் ஒட்டி அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். அதைக் காட்டினால் வரி குறையும். அவள் பள்ளியில் பாதிப் பேர் அப்படித்தான் காட்டுவார்களாம்.

நான் முடியாது என்றேன்.

"எல்லாரும் பண்றாங்க டக்கி. நீ மட்டும் என்ன பெரிய காந்தியா?"

"காந்தி இல்ல. கணக்கு எழுதுறவன். பொய்க் கணக்குல என் கை படாது."

"உன் கை! தங்கத்துல செஞ்சது பாரு."

மூன்று நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் மாலை அவள் சன்னல் பக்கம் நின்று எதிர்க் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டிருந்தா பாதி வெளிச்சம்தான் எரிஞ்சிருக்கும்" என்றாள். ரசீதுகளைக் கிழித்து அடுப்பு மேடையைத் துடைத்தாள்.

இதை எழுதியதும் அவள் மறுபடி அறைக்குள் வந்துவிட்டாள். சந்தேகம் போய்விட்டது.

(ஆனால் 'என் கை படாது' என்று சொன்ன வாக்கியம் அப்படியே நிற்கிறது. அதை அழிக்கவில்லை.)

7

இறப்புச் சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கியிருந்தோம். இரண்டும் மாமாவிடம் இருந்தன. வீட்டில் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு பூசைக்குப் பிறகு கட்கிக்குப் போனேன்.

லூர்துசாமி மாமா வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். பூனாவுக்கு வந்து நாற்பத்தைந்து ஆண்டு ஆகியும் பேச்சு அப்படியே இருக்கிறது.

"வாரும் மாப்ள. உக்காரும். பாவ் இருக்கு, சாய் போடட்டா?"

"வேண்டாம் மாமா. சான்றிதழ் ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"வரிக்கு."

"செத்த பொறவுமா வரி? நல்லா இருக்குவே உங்க கவர்மெண்டு."

"நீங்க சம்பளம் வாங்கின கவர்மெண்டுதான் மாமா."

"அது சரி" என்று சிரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஜூலை, போன், சுயமாக. அவர் தனக்கு ஊற்றிய தேநீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எம்புள்ள உசுரோட இருக்கான்னு நீரு எழுதிக் குடுத்திருக்கீரு."

"தெரியாம செஞ்சது மாமா."

"கவர்மெண்டும் நம்பிட்டு. நன்றின்னு வேற சொல்லியிருக்கு. அத ஏன் கெடுக்கீரு? யாருக்கு நட்டம்?"

"யாருக்கும் இல்ல."

"பொறவு என்ன? வாடக ரசீதுக்கு மூணு நாளு மொகத்தத் தூக்கி வச்சிருந்தீராம். எங்கிட்ட போன்ல அழுதா. அதுலயாவது ரூவா போச்சு. இதுல என்ன போவுது?"

"அன்னிக்கு வண்டி வந்தது மாமா" என்றேன். "யாரோ ஒழுங்கா கணக்குக் காட்டினதாலதான் வந்துது. அவ கடைசிக் கணக்கு பொய்யா இருக்க வேணாம்னு பாக்குறேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். ரேஷன் அட்டையின் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். வெள்ளை அட்டை. அதன் நடுவில்தான் இரண்டு சான்றிதழ்களும் இருந்தன. அட்டையைத் திறந்தபோது மூன்று பெயர் தெரிந்தது. அவர், இறந்துபோன அத்தை, ஜெரால்டின்.

"மாமா, கல்யாணம் ஆனப்பவே அவ பேர இதுலேர்ந்து எடுத்திருக்கணும்."

"எடுக்கச் சொன்னானுவ. ரெண்டு மட்டம் சொன்னானுவ." ஒரு சான்றிதழை உருவி என் பக்கம் தள்ளினார். "வெள்ள அட்டைக்கு அரிசி கெடையாது, கோதும கெடையாது. ஒண்ணுங் கெடையாது. பேரு மட்டுந்தான் இருக்கு. அதையும் எடுத்துட்டா எதுக்கு மாப்ள அட்டை?"

நான் குனிந்து சான்றிதழை மடித்தேன்.

"நீரு மொதல்ல செய்யும்" என்றார். "நீரு செஞ்சிட்டீர்னா, பொறவு நானும் பாக்கேன்."

8

வாரிசாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தேன். எட்டு நாளில் ஒப்புதல் வந்தது. இப்போது என் கணக்கைத் திறந்தால், யார் சார்பில் என்று ஒரு கேள்வி வருகிறது. கீழே அவள் பெயர். திருத்திய கணக்கைத் தயார் செய்துவிட்டேன். எல்லா எண்களும் பழையவைதான். மாறுவது ஒரே ஓர் இடம். கடைசிப் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. இருபதாம் தேதி அலுவலகத்தில் இரண்டு முறை அதன் மேல் அம்புக்குறியை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்தால் பதினான்காம் எண் விளக்கு எரியவில்லை.

(இது கதைக்காகச் சேர்த்தது போலத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் தெருவிளக்குகள் கெட்டுப்போகும். எங்கள் தெருவில் அந்த மாதம் மூன்று கெட்டன.)

அவள் போனில் மாநகராட்சியின் புகார்ச் செயலி இருந்தது. திறந்தேன். அவள் பெயரிலேயே புகார் கொடுத்தேன். ஜூலையில் செய்தது கை. டிசம்பரில் செய்தது நான். இரண்டும் ஒன்றல்ல. ஒரு கணக்குக்காரனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இருபத்து நான்காம் தேதி மாலை. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. நான் கட்டவில்லை. கீழே தெருவிலிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

"ஜெரால்டின் மேடம்! ஓ ஜெரால்டின் மேடம்!"

அந்தப் பெயரைச் சத்தமாக யாரும் கூப்பிட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் படியில் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

ஏணி வண்டிப் பக்கம் ஒருவர் நின்றிருந்தார். மஞ்சள் சட்டை. வண்டிக்காரரிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும், "தமிழா சார்?" என்றார். பெயர் ஜம்பு. ஏரவாடாக்காரர். மாநகராட்சிக்கு ஒப்பந்த வேலை.

"நாளைக்கு உங்களுக்குப் பண்டிகைல்ல. அதான் இன்னிக்கே முடிச்சுட்டுப் போலாம்னு வந்தேன். மேடம் இல்லியா? சைன் வேணும்."

"நீங்க மேல ஏறிப் பாருங்க. அப்புறம் போடலாம்."

"அவங்கள நல்லா ஞாபகம் இருக்கு சார். போன வருஷமும் இதே வெளக்கு பந்த் ஆச்சு. நான் மேல இருக்கேன், அவங்க கீழ நின்னுக்கிட்டு, 'பாத்துப் பண்ணுங்க, அது என்னோட வெளக்கு'ன்னாங்க. நான் சும்மா கிண்டலா, 'உங்களோடதுன்னா பில்லு கட்டுங்க மேடம்'னேன். 'கட்டிட்டுத்தான் கேக்குறேன்'னாங்க!" ஜம்பு தலையை ஆட்டிச் சிரித்தார். "இருவது வருஷமா வேல பாக்குறேன். திட்டுறவங்கள பாத்திருக்கேன், கையில காசு குடுக்குறவங்கள பாத்திருக்கேன். என்னோடதுன்னு சொன்னது அவங்க ஒருத்தர்தான். அவங்கள வரச் சொல்லுங்க சார்."

"இறந்துட்டாங்க" என்றேன். "ஜூன்ல."

அலுவலகத்தில், கோவிலில், வீட்டில் நான் சொல்லும் முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரிடமும் நான் சொல்ல வேண்டி வரவில்லை. அந்தச் சொல்லை என் வாய் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜம்பு ஏணியில் ஏறினார். பத்து நிமிடம் வேலை செய்தார். இறங்கிவந்து புகார்ச் சீட்டை வண்டியின் பானட்டில் வைத்தார்.

"நீங்களே போடுங்க சார். உங்க பேரு எழுதுங்க. பக்கத்துல என்ன உறவுன்னு எழுதுங்க. அவ்ளோதான்."

எழுதினேன். டக்ளஸ். கணவன். ஜெரால்டினுக்காக.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது விளக்கு எரிந்தது. சீட்டின்மேல் வெளிச்சம் விழுந்தது. பாதி அல்ல, முழு வெளிச்சம். ஜம்புவிடம் பணம் எதுவும் நீட்டவில்லை. கையைப் பிடித்து நன்றி சொன்னேன். மேலே போய் நட்சத்திரத்தைக் கட்டினேன்.

9

இன்று டிசம்பர் இருபத்தெட்டு. பத்மநாபன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மலர் இன்று இரவு அச்சுக்குப் போகிறது.

"டக்ளஸ், கட்டுரை கேட்டா கதை குடுக்குறீங்க. சரி, போகட்டும். அந்தப் பட்டன அழுத்துனீங்களா இல்லியா? அதையாவது சொல்லி முடிங்க."

"கெடுவுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு சார்."

"மலருக்கு மூணு மணி நேரம்தான் இருக்கு."

ஆகவே என்னிடம் இருக்கும் முடிவுகளைத் தருகிறேன்.

அ. அவன் அழுத்துகிறான். எண் அவன் போனுக்கு வருகிறது. கட்கியில் ஒரு கிழவர் ரேஷன் அலுவலகத்துக்குப் போகச் சட்டையை இஸ்திரி போடுகிறார்.

ஆ. அவன் அழுத்தவில்லை. யாருக்கும் நட்டமில்லை. அடுத்த ஜூலையில் அவன் கை மறுபடியும் அந்தக் கடவுச்சொல்லை—

ஆ-வை முடிக்க முடியவில்லை. அப்படியே விடுகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது பொங்கல் வந்திருக்கும். கெடு முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரியாது. என்னைப் பற்றி உங்களுக்கு இதுவரை தெரிந்ததை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பத்மநாபன் கோபித்துக்கொள்ளட்டும்.

அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். வரி கட்டுகிறோம், நமக்கு என்ன வருகிறது? எனக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு வண்டி வந்தது. மூன்று மாடி இறங்க ஒரு தோள் வந்தது. நான்கு நாள் கிடைத்தது. நன்றி. நீங்கள் யார் என்று தெரியாததால் எல்லாருக்கும் சொல்கிறேன்.

இன்று மாலை நடக்கப் போகும்போது உங்கள் தெருவில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெஞ்சு, நான்கு படி, ஒரு வேகத்தடை. உரக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம்.

தாபோடிப் பக்கம் வந்தால் மட்டும் பதினான்காம் எண் விளக்கை விட்டுவிடுங்கள். அதற்கு ஆள் இருக்கிறது.